பார்க்கும் கண்ணும் நிற்கும் இடமும்

வெள்ளி மாலை விமானமேறி, சனிக்கிழமை முழுவதும் ஒரு நகரைச் சுற்றிப் பார்த்து, ஞாயிறு இரவு வீடு திரும்பும் குறும்பயணம் இன்றைய ஐரோப்பாவில் பலருக்கு வழக்கமாகிவிட்டது. அப்பயணத்திற்குப் பல வேளைகளில் ஓர் ஓவியக் கண்காட்சியே காரணமாக அமைகிறது. இன்ன நாளில், இன்ன மணிக்கு என நுழைவுச்சீட்டை முன்னரே பெற்றுக்கொண்டு, அதற்கேற்பப் பயணச்சீட்டையும் தங்குமிடத்தையும் தேடுகின்றனர். இரண்டே நாளில் எதைப் பார்த்துவிட முடியும் என்று ஏளனம் செய்வது எளிது. ஆயினும், ஓர் ஓவியத்தைக் காணவென்றே நெடுந்தொலைவு வருகிறவரின் ஆர்வம் மதிப்பிற்குரியது. நாள்கள் குறைவு என்பதில் நமக்கு வழக்கில்லை. அந்த ஆர்வம் எங்கே கொண்டுபோய் நிறுத்தப்படுகிறது என்பதையே நாம் சிந்திக்க விரும்புகிறோம்.

2025-ஆம் ஆண்டு, யூபிலி ஆண்டையொட்டி, உரோமை நகரின் பர்பெரீனி மாளிகையில் நடைபெற்ற கரவாஜியோ கண்காட்சியை எடுத்துக்கொள்வோம். 1571-இல் பிறந்து, 1610-இல் முப்பத்தெட்டு வயதில் மறைந்த அவ்வோவியரின் 24 படைப்புகள் மார்ச் முதல் ஜூலை வரை அங்கே ஒருசேர வைக்கப்பட்டன. மாட்ரிட், டப்ளின், டெட்ராய்ட், நேப்பிள்ஸ் எனப் பல நகரங்களிலிருந்து அவை வந்திருந்தன. ஒருவர் தனித்தனியே தேடிச் செல்வதாயின் ஆண்டுக்கணக்கில் ஆகும் பயணம் ஒரு முற்பகலில் முடிந்துவிடும்!

இதில் உண்மையான நன்மை உண்டு. ஒலோபெரினின் தலையைக் கொய்யும் யூதித்து, சக்கரத்தின் அருகே இருக்கும் புனித கத்தரீன், மார்த்தாவின் சொல்லுக்குச் செவிகொடுக்கும் மகதலா மரியா ஆகிய மூவருக்கும் ஃபில்லிதே மெலாந்த்ரோனி என்ற ஒரே பெண்ணே மாதிரியாக இருந்தாள் என்பது அறிஞர் பலரின் கருத்து. வெவ்வேறு நகரங்களில் இருக்கும் அம்மூன்று ஓவியங்களையும் அருகருகே கண்டால்தான், ஒரே முகம் வீரத்திற்கும், மறைசாட்சியத்திற்கும், மனமாற்றத்திற்கும் எவ்வாறு இடந்தருகிறது என்பது விளங்கும். தெருவில் கண்ட முகத்தையே புனிதரின் முகமாகத் தீட்டிய அத்துணிவை உணர்த்துவதற்குக் கண்காட்சியைவிடச் சிறந்த வழியில்லை.

வேறொரு சான்றும் கண்காட்சிக்குத் துணைநிற்கிறது. இயேசு கைது செய்யப்படுவதைச் சித்திரிக்கும் 1602-ஆம் ஆண்டு ஓவியம் டப்ளின் நகரில் இயேசு சபையாரின் இல்லத்து உணவறைச் சுவரில், வேறோர் ஓவியரின் பெயரால், ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் தொங்கிக்கொண்டிருந்தது. நாள்தோறும் அதன்கீழ் அமர்ந்து துறவியர் உணவருந்தினர். 1990-இல்தான் அது கரவாஜியோவின் கைவண்ணம் என்று கண்டறியப்பட்டது; 1993-இல் அயர்லாந்தின் தேசிய ஓவியக்கூடத்தில் மக்கள் பார்வைக்கு வந்தது. பழகிய இடத்தில் இருப்பதாலேயே ஓர் ஓவியம் உள்ளபடி காணப்பட்டுவிடும் என்று எவரும் வாதிட முடியாது. பழக்கமும் கண்ணை மறைக்கும்.

இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பின்னரே நம் குறையைச் சொல்லுகிறோம். இன்றைய கண்காட்சிக் கூடங்களில் சுவர் இருண்டிருக்கும். ஓவியத்தின்மேல் மட்டும் விளக்கொளி விழும். அரண்மனைக்கெனத் தீட்டியதும், ஆலயப் பீடத்திற்கெனத் தீட்டியதும் ஒரே உயரத்தில், ஒரே ஒளியில், ஒரே வரிசையில் நிற்கும். பார்ப்பவரும் ஒரே தொலைவில் நின்று, அடுத்தவருக்கு வழிவிட்டு நகர்வார். எங்கே நிற்பது என்பதை ஓவியம் சொல்ல வேண்டிய இடத்தில், வரிசை சொல்லுகிறது.

அம்மாளிகையிலிருந்து நடந்தே செல்லக்கூடிய தொலைவில், பிரெஞ்சுக்காரர்களின் புனித லூயி ஆலயம் இருக்கிறது. அங்கே ஒரு சிற்றாலயத்தின் இடப்புறச் சுவரில் ‘புனித மத்தேயுவின் அழைப்பு’ 1600-ஆம் ஆண்டு முதல் இருந்து வருகிறது. சிற்றாலயத்தின் வாயிலில் நிற்பவர் அதனைச் சாய்வாகவே காண இயலும். நேர் எதிரே நின்று பார்க்க வழியில்லாதது ஒரு குறையென்றே முதலில் தோன்றும். ஆனால் சற்றுப் பொறுத்து நோக்குவோம். ஓவியத்தில் இயேசு வலக்கோடியிலிருந்து நுழைகிறார். அந்தப் பக்கத்தில் இருப்பது பலிபீடம். ஓவியத்தினுள் விழும் ஒளியும் அதே திசையிலிருந்தே வருகிறது. பீடத்திற்கு மேலே உண்மையான சாளரமும் உண்டு. ஆகவே, வரிதண்டுபவரின் மேசையை நோக்கி ஆண்டவர் பீடத்திலிருந்து இறங்கி வருவதுபோல் அமைகிறது காட்சி. இதே ஓவியத்தைக் கழற்றி ஒரு கூடத்தில் மாட்டினால் வண்ணம் குறையாது, கோடு குறையாது. ஆண்டவர் எங்கிருந்து வருகிறார் என்பது மட்டும் தொலைந்துபோகும்.

அங்கிருந்து சில நிமிட நடையில் புனித அகுஸ்தினார் ஆலயம். அதில் ‘லொரேட்டோ அன்னை’ ஓவியம் இருக்கிறது. வாயிற்படியில் குழந்தையை ஏந்தி நிற்கும் அன்னையின் முன் வழிப்பயணியர் இருவர் மண்டியிட்டிருக்கின்றனர். முன்னால் இருக்கும் ஆணின் புழுதி படிந்த பாதங்கள் நம் பக்கம் திரும்பியிருக்கின்றன. கிழவியின் தலைத்துணியும் நைந்திருக்கிறது. பீடத்திற்கு மேல் அமைந்த இவ்வோவியத்தின் முன் முழந்தாளிடுபவருக்கு அப்பாதங்களே முதலில் கண்ணில் படும். தாமும் அப்பயணியருக்குப் பின்னால் மூன்றாமவராக வரிசையில் சேர்ந்துவிட்டதை அவர் உணர்வார். நின்று பார்ப்பவருக்கு அது ஒரு சிறந்த ஓவியம். முழந்தாளிட்டவருக்கு அது ஓர் இடம். இதனை எந்தப் பட்டியல் நூலும் கற்பிக்க இயலாது, முழங்கால்தான் கற்பிக்கும்.

புனித லூயி ஆலயத்தில் மூன்று, புனித அகுஸ்தினார் ஆலயத்தில் ஒன்று, மக்கள் சதுக்கத்தின் புனித மரியா ஆலயத்தில் இரண்டு என, ஆறு கரவாஜியோ ஓவியங்கள் இன்றும் தாம் பிறந்த இடத்திலேயே இருக்கின்றன. அவற்றிற்கு நாள் குறித்த நுழைவுச்சீட்டு வேண்டியதில்லை. அதனாலேயே குறும்பயணியின் நிரலில் அவை எஞ்சிய நேரத்திற்குத் தள்ளப்படுகின்றன என்பது நம் வருத்தம்.

எனவே, கண்காட்சிகள் வேண்டாம் என்பது நம் தீர்ப்பன்று. ஒப்பிட்டுப் பார்க்கக் கண்காட்சி கற்றுத்தருகிறது. அது ஒரு நல்ல முன்னுரை. முன்னுரையைப் படித்துவிட்டு நூலை மூடுவதே தவறு. இரண்டு நாள் பயணத்தில் ஒரு முற்பகலைக் கூடத்திற்குக் கொடுத்தவர், ஒரு பிற்பகலை ஒரே ஓர் ஓவியத்திற்கு, அது இருக்கும் இடத்திலேயே, கொடுத்துப் பார்க்கட்டும். எத்தனை ஓவியங்களைக் கண்டோம் என்று வீடு திரும்பியதும் எண்ணுகிறோம். எந்த ஓவியத்தின் முன் நமக்கென ஓர் இடம் இருந்தது என்பதையும் எண்ணிப் பார்ப்போமாக. புழுதி படிந்த பாதங்களோடு வந்த அவ்விரு பயணியரும் நெடுந்தூரம் நடந்தது ஒரே வாயிற்படிக்காகவே அன்றோ?