கையெழுத்து அமைச்சருடையது, எழுத்து யாருடையது?

பார்ன்ஸ் 1951, பென்-ஊ 1951, ரசாக் 1956, ரஹ்மான் தாலிப் 1960. எஸ்.டி.பி.எம். மாணவர்களைக் கேட்டால் ஒரே மூச்சில் ஒப்பித்துவிடுவார்கள். பரிந்துரைகளையும் புள்ளி புள்ளியாகச் சொல்வார்கள். ஆனா, "அந்தக் குழுவுல யாரெல்லாம் உட்கார்ந்திருந்தாங்க? யார் அவங்கள உட்கார வச்சது?" என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். நம் குறிப்புநூல்களும் இதைப் பெரிதாகச் சொல்வதில்லை. ஓர் அறிக்கையைக் கையில் எடுத்தவுடன் கேட்கவேண்டிய முதல் கேள்வியே இதுதான் என்பது என் கருத்து.

பார்ன்ஸ் குழுவையே பாருங்கள். தலைவர் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து வந்தவர். உறுப்பினர்கள் மலாய்க்காரர்களும் ஐரோப்பியர்களும். சீனரோ இந்தியரோ ஒருவர்கூட இல்லை. மலாய்க் கல்வியை ஆராயத்தான் குழு அமைக்கப்பட்டது. ஆனால் அறிக்கை அதோடு நிற்கவில்லை. மலாயும் ஆங்கிலமும் மட்டுமே பயிற்றுமொழியாக உள்ள தேசியப் பள்ளிகள் போதும், தாய்மொழிப் பள்ளிகள் படிப்படியாக மறையட்டும் என்றது. பந்திங், கேரித்தீவு வட்டாரத்துத் தோட்டப் பள்ளிகளின் தலைவிதி, தமிழர் ஒருவரும் இல்லாத மேசையில் பேசப்பட்டது. 1952 கல்விச் சட்டம் பெரும்பாலும் அந்த வழியில்தான் போனது. அது முழுமையாக நிறைவேறாமல் போனதற்குப் பணப் பற்றாக்குறையும் ஒரு காரணம்!

1955 தேர்தலுக்குப் பிறகு வந்த ரசாக் குழுவுக்குத் தலைவர், மக்கள் தேர்ந்தெடுத்த அமைச்சர். மூன்று இனத்தவரும் அதில் இருந்தார்கள். தமிழ், சீனத் தொடக்கப்பள்ளிகளுக்குப் பொதுப் பாடத்திட்டத்தோடு இடம் கிடைத்தது. அப்படியானால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் எழுதினால் நல்லது, மற்றவர்கள் எழுதினால் கெட்டது என்று முடித்துவிடலாமா? முடியாது. தாய்மொழிப் பள்ளியை அமைச்சரே தேசியப் பள்ளியாக மாற்றலாம் என்ற 21(2) பிரிவு 1961 கல்விச் சட்டத்தில் வந்ததும் நாடாளுமன்றத்தின் வழியாகத்தான். 1996 சட்டம் வரும்வரை அந்தக் கத்தி தலைக்கு மேலேயே தொங்கியது. 2003-ல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்துக்கு மாறியது, தேர்தலில் வென்ற ஒரு பிரதமரின் முடிவு. 2009-ல் அதைக் கைவிடுவதாக அறிவித்தார்கள். இடையில் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் பட்டபாடு சொல்லி மாளாது.

ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. 21(2)-ஐ எதிர்க்க ஓர் இடம் இருந்தது. எந்த அமைச்சர், எந்தக் கட்சி என்று தெரியும், தேர்தலில் கேட்கலாம். அடுத்து வந்த ஆலோசகர்களிடம் அந்த இடமே இல்லை.

மலேசியக் கல்விப் பெருந்திட்டம் 2013-2025-ஐ எடுத்துக்கொள்வோம். முதல்நிலை அறிக்கை 2012 செப்டம்பரில் வந்தது, இறுதி வடிவம் 2013 செப்டம்பரில். மாநிலந்தோறும் மக்கள் கருத்து கேட்டார்கள், உண்மைதான். யுனெஸ்கோ, உலக வங்கி, ஓ.இ.சி.டி. ஆகியவற்றின் கருத்தும் பெறப்பட்டது. ஆனால் ஆவணத்தைத் தயாரிக்கும் வேலையில் மெக்கின்சி என்ற ஆலோசனை நிறுவனம் இருந்தது, அதற்குக் கொடுத்தது 20 மில்லியன் ரிங்கிட் என்ற தகவல் பின்னால்தான் பேச்சுக்கு வந்தது.

ஆவணத்தை வாசித்தாலே அந்த வாடை தெரியும். 11 பெயர்ச்சிகள், 3 அலைகள், எல்லாவற்றுக்கும் குறியீட்டு எண். இதே நிறுவனம் 2010-ல் பல நாட்டுப் பள்ளி அமைப்புகளைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டது. அமைப்புகள் படிப்படியாக ஏறிப்போகும், ஒவ்வொரு படிக்கும் ஒரு மருந்துப் பட்டியல் உண்டு என்பது அதன் சாரம். அதன் ஆசிரியர்களில் ஒருவர் மைக்கல் பார்பர். இங்கிலாந்தில் டோனி பிளேர் காலத்தில் பிரதமர் அலுவலகத்தின் 'டெலிவரி யூனிட்'டை நடத்தியவர். அந்த மாதிரியில் இங்கே 2009-ல் பெமாண்டு வந்தது. பிறகு கல்வி அமைச்சுக்குள் 'பாடு' என்ற பிரிவு வந்தது. மலாயில் அது சுருக்கப் பெயர். தமிழில் வாசித்தால் யார் பாடு என்று நமக்குத் தெரியும்.

இலக்கு வைப்பது தப்பில்லை. அளப்பதும் தப்பில்லை. 1999 டிம்ஸ் கணிதத்தில் 519 புள்ளி எடுத்த நாடு 2011-ல் 440-க்கு இறங்கியதை வெளிச்சம் போட்டுக் காட்டியது பெருந்திட்டத்தின் நல்ல வேலை. முந்தைய பல அறிக்கைகள் அவ்வளவு நேர்மையாகப் பேசியதில்லை. சிக்கல் எதை அளப்பது என்பதில்தான். லினுஸ் திட்டத்தை நினைத்துப் பாருங்கள். மலாய் எழுத்தறிவு, எண்ணறிவு, 2013 முதல் ஆங்கில எழுத்தறிவு. தமிழ் எழுத்தறிவு இந்த மூன்றில் இல்லை. முதலாம் ஆண்டுப் பிள்ளை உயிர்மெய் எழுத்தில் தடுமாறினால் அது எந்தப் போராங்கிலும் விழாது, எந்த அலையிலும் வராது. ஆனா டீச்சருக்கு ராத்திரி உட்கார்ந்து சிஸ்டத்தில் எண் ஏற்றுகிற வேலை மட்டும் குறையாது. தமிழை வேண்டுமென்றே ஒதுக்கினார்கள் என்று நான் சொல்லவில்லை. தமிழ்ப்பள்ளி வகுப்பறையை அறியாத கண்ணுக்கு அது தெரியவே தெரியாது, அவ்வளவுதான்.

15 ஆண்டுகளில் அனைத்துலக மதிப்பீடுகளில் முதல் மூன்றில் ஒரு பங்கு நாடுகளுக்குள் வருவோம் என்றார்கள். 2012 பீசாவில் வாசிப்பு 398. 2022-ல் 388. நடுவில் கோவிட் வந்தது, அதைக் கணக்கில் எடுக்கத்தான் வேண்டும். இருந்தாலும், எண் இறங்கியபோது விளக்கம் கேட்கப்பட்டது யாரிடம்? அமைச்சரிடம், மாநில இலாகாவிடம், பி.பி.டி.யிடம், கடைசியில் வகுப்பு ஆசிரியரிடம். திட்டம் வரைந்த நிறுவனத்தைக் கூப்பிட்டு, "நீங்க எழுதின அலை ஏன் கரைக்கு வரல?" என்று யாரும் கேட்டதாக நான் படித்ததில்லை. ஒப்பந்தம் முடிந்தது, போய்விட்டார்கள்.

1996 கல்விச் சட்டத்திலேயே தேசியக் கல்வி ஆலோசனை மன்றம் என்ற ஒன்றுக்கு இடம் இருக்கிறது. அந்த வகை ஆலோசகர்களையும் யாரும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பதில்லை. ஆனால் அவர்கள் இருப்பது சட்டப்படி, நியமனம் பொதுவில் தெரிந்தது. காசுக்கு எழுதித் தருகிற ஆலோசகரையும் இவர்களையும் ஒரே தராசில் நிறுத்தக்கூடாது.

தேர்வெழுதும் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. "ரசாக் அறிக்கையை பார்ன்ஸ் அறிக்கையோடு ஒப்பிடுக" என்று வந்தால் பரிந்துரைகளை மட்டும் இரண்டு பத்தியில் நிறைக்காதீர்கள். முதல் பத்தியில் குழுவின் அமைப்பையும், அதை நியமித்தது காலனித்துவ அரசா தேர்தலில் வந்த அரசா என்பதையும் எழுதுங்கள். பரிந்துரைகள் ஏன் வேறுபட்டன என்பதற்கான காரணம் அங்கேயே பாதி கிடைத்துவிடும். பெருந்திட்டம் பற்றிக் கேட்டால் அதே கேள்வியை அங்கும் போடுங்கள், 20 மில்லியனையும் சேர்த்து.