படி எடுப்பவர்களும் பொருள் எடுப்பவர்களும்

பொழுதுபோக்குகளை விமர்சனத்துக்கு எடுத்துக்கொள்வதில் நம்மிடம் ஒரு கூச்சம் இருக்கிறது. நாவல் என்றால் பக்கம் பக்கமாக எழுதுவோம். சினிமா என்றால் அடித்துக்கொள்வோம். ஞாயிற்றுக்கிழமைகளில் மனிதர்கள் எதைத் தேடி அலைகிறார்கள் என்பது மட்டும் ‘சும்மா’ விஷயம். இந்தச் ‘சும்மா’வில்தான் அதிகாரம் காலை நீட்டிச் சாவகாசமாக உட்கார்ந்திருக்கிறது. யார் அலையலாம், எங்கே அலையலாம், கண்டதற்கு யார் பெயரைப் போடலாம் என்ற கேள்விகளெல்லாம் விளையாட்டில்தான் வெளிப்படையாகத் தெரிகின்றன. அப்படி இரண்டு தேடல்களை இங்கே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஒன்று இங்கிலாந்தில் பிறந்த லெட்டர்பாக்ஸிங். மற்றது சேந்தமங்கலம், நாமக்கல், சேலம் சமவெளியிலும் அதைச் சுற்றிய மலையடிவாரங்களிலும் நடக்கிற நடுகல் தேடல்.

1

லெட்டர்பாக்ஸிங் என்பது தபால் பெட்டி சமாச்சாரம் இல்லை. பெயர் மட்டும் அங்கிருந்து வந்தது. ஒருவர் ஒரு சின்னப் பெட்டிக்குள் ரப்பர் முத்திரையையும் நோட்டுப் புத்தகத்தையும் போட்டு, மலையிலோ மேய்ச்சல் காட்டிலோ பாறை இடுக்கில் ஒளித்து வைக்கிறார். எப்படிப் போவது என்பதற்குப் புதிர்போலச் சில குறிப்புகள் கொடுக்கிறார். தேடிக் கண்டுபிடிப்பவர் பெட்டியிலுள்ள முத்திரையைத் தன் நோட்டில் பதித்துக்கொள்கிறார். தான் செதுக்கி எடுத்துவந்த முத்திரையைப் பெட்டியின் நோட்டில் பதிக்கிறார். பிறகு பெட்டியை இருந்த இடத்திலேயே, இருந்தபடியே வைத்துவிட்டு நடையைக் கட்டுகிறார். அவ்வளவுதான் விளையாட்டு.

தொடங்கிய இடம் டெவன் மாவட்டத்து டார்ட்மூர். 1854இல் சாக்ஃபோர்டு ஊரைச் சேர்ந்த வழிகாட்டி ஜேம்ஸ் பெரட், க்ரான்மியர் குளம் என்ற சதுப்பிடத்தில் ஒரு கண்ணாடிக் குடுவையை வைத்தார். அவ்வளவு தூரம் நடந்து வந்த கனவான்கள் தங்கள் விசிட்டிங் கார்டை அதில் போட்டுவிட்டுப் போகலாம். பின்னால் வந்தவர்கள் தங்கள் முகவரியையே எழுதிய அஞ்சலட்டைகளை விட்டுப்போனார்கள். அடுத்து வருகிறவர் அதை எடுத்துப்போய்த் தபாலில் சேர்ப்பார். ‘லெட்டர்பாக்ஸ்’ என்ற பெயர் வந்தது அப்படித்தான். அதன் பிறகு வருகைப் பதிவேடு, ரப்பர் முத்திரை. 1937இல் க்ரான்மியரில் கல்லால் கட்டிய நிரந்தரப் பெட்டியே வந்தது. 1970களுக்குப் பிறகு பெட்டிகள் பல்கிப் பெருகின. நூறு பெட்டி கண்டவர்களுக்கு ‘நூறு கிளப்’ என்று ஒரு சங்கம். 1998 ஏப்ரலில் அமெரிக்காவின் ‘ஸ்மித்ஸோனியன்’ பத்திரிகையில் வந்த கட்டுரைக்குப் பிறகு அங்கேயும் பிடித்துக்கொண்டது. 2000 மே மாதத்திலிருந்து செயற்கைக்கோள் குறிகளை வைத்துத் தேடும் ஜியோகேஷிங் என்ற பங்காளியும் வந்துவிட்டது.

இந்த வரலாற்றில் கவனிக்க வேண்டியது ஒரு நகர்வு. முதலில் இருந்தது விசிட்டிங் கார்டு: பெயர், குலம், அந்தஸ்து எல்லாம் அச்சடித்த அட்டை. அது இருப்பவன்தான் குடுவைக்குள் போக முடியும். வழிகாட்டியின் கார்டு அதில் இருந்திருக்குமா என்று யாரும் கேட்கவில்லை. அட்டை போய் முத்திரை வந்தபோது கனவானின் பெயர் அழிந்துபோனது. பள்ளிப்பிள்ளை அழிரப்பரில் செதுக்கிய ஆமையும் ஒரு வக்கீல் செதுக்கிய ஓக் இலையும் ஒரே நோட்டில், வந்த வரிசைப்படி. யாரும் முதல்வர் இல்லை. பெட்டியை ஒளித்து வைத்தவர் ஒருவர் ஏற்கெனவே இருப்பதால், “நான்தான் கண்டுபிடித்தேன்” என்று யாரும் மார்தட்ட முடியாது. பொருள் அங்கேயே இருக்கிறது. கூடப் போவது ஒரு பதிவு மட்டும். உடைமை இல்லாமல் சேகரிக்க முடியும் என்பதற்கு இது ஒரு சின்ன நிரூபணம். வால்டர் பெஞ்சமின் 1931இல் தன் நூலகத்தைப் பிரித்து அடுக்குவது பற்றி எழுதியபோது, உடைமைதான் சேகரிப்பாளன் பொருளோடு கொள்ளும் ஆக நெருக்கமான உறவு என்று வாதித்தார். லெட்டர்பாக்ஸ்காரர்கள் அந்த வாதத்தில் ஒரு ஓட்டை போடுகிறார்கள்.

ஆனால் இந்தச் சமத்துவம் காற்றில் நிற்கவில்லை. டார்ட்மூரின் பொதுமேய்ச்சல் நிலங்களும் தனியார் உடைமைதான். 1985ஆம் ஆண்டு டார்ட்மூர் பொதுநிலச் சட்டம் அங்கே காலால் நடக்கவும் குதிரையில் போகவும் யாருக்கும் உரிமை தந்தது. அந்த உரிமையில் இரவு கூடாரம் போட்டுத் தங்குவதும் அடங்குமா என்று ஒரு நிலவுடைமையாளர் வழக்குப் போட்டார். 2023 ஜனவரியில் அவர் பக்கம் தீர்ப்பு, அதே ஆண்டு ஜூலையில் மேல்முறையீட்டில் மக்கள் பக்கம், 2025 மே மாதம் உச்சநீதிமன்றத்திலும் மக்கள் பக்கம். பெட்டி தேடும் விளையாட்டுக்குக் கீழே இப்படியொரு நிலத் தகராறு ஓடிக்கொண்டிருக்கிறது. நடக்கும் உரிமை இல்லாத இடத்தில் பெட்டியும் இல்லை, முத்திரையும் இல்லை.

2

இப்போது நம்ம பக்கம் வருவோம். சேந்தமங்கலத்துக்குக் கிழக்கே கொல்லிமலை. காளப்பநாய்க்கன்பட்டி தாண்டிக் காரவள்ளி வந்தால் மலைப்பாதை, 70 கொண்டை ஊசி வளைவு. மேற்கே போனால் நாமக்கல் பாறை, அதன் குடைவரையில் ‘அதியேந்திர விஷ்ணு கிருகம்’ என்று பெயர் சொல்லும் கல்வெட்டு. இங்கிருந்து சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை என்று வடக்கே போகப் போக ஏரிக்கரையிலும் கொல்லையிலும் புளியமரத்தடியிலும் நடுகற்கள். ஆநிரை மீட்டுச் செத்தவன், புலி குத்திச் செத்தவன், ஊர் காத்துச் செத்தவன்.

இவற்றைத் தேடிப் போகிற ஒரு கூட்டம் உருவாகி இரண்டு தலைமுறை ஆகிறது. 1970களின் தொடக்கத்தில் தமிழ்நாடு தொல்லியல் துறை செங்கம் வட்டாரத்து நடுகற்களைத் திரட்டி வெளியிட்டது. 2006இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் தமிழ் பிராமி எழுத்துள்ள மூன்று நடுகற்களை வெளிப்படுத்தினார்கள். இந்த இரண்டுக்கும் நடுவிலும் பின்னாலும் ரிட்டயர்டு வாத்தியார்கள், பேங்க் ஊழியர்கள், கல்லூரி மாணவர்கள் என்று ஆர்வலர்கள் பைக்கில் கிளம்பினார்கள். கையில் தண்ணீர்க் குடம், பிரஷ், காகிதச் சுருள், மை. கல்லைக் கழுவி, நனைத்த காகிதத்தை ஒட்டி, எழுத்துப் பள்ளத்தில் காகிதம் பதியும்படி பிரஷால் தட்டி, மேலே மையொத்தியால் ஒற்றினால் எழுத்து வெள்ளையாகவும் மற்ற இடம் கறுப்பாகவும் எழும். காய்ந்ததும் உரித்தால் மைப்படி. கல் அங்கேயே, படி கையில். பழைய கல்வெட்டு ஆண்டறிக்கைகளில் ‘ஊருக்குத் தெற்கே வயலில் கிடக்கும் பலகைக்கல்’ என்கிற மாதிரியான இடக்குறிப்புகளை வைத்துக்கொண்டு இவர்கள் தேடுவதைப் பார்த்தால், டார்ட்மூர்க்காரன் “நம்ம ஆளுங்கய்யா” என்று கட்டிக்கொள்வான்.

ஆனால் ஒரு இடத்தில் இரண்டும் பிரிகின்றன. பெட்டியை ஒருவர் வேண்டுமென்றே ஒளித்து வைத்தார். நடுகல்லை யாரும் ஒளிக்கவில்லை. ஆடு மேய்க்கிறவர் தினம் அதன்மேல் சாய்ந்து உட்காருகிறார். பல ஊர்களில் அது கல் என்றுகூடச் சொல்வதில்லை, வேடியப்பன் சாமி. பொங்கல் வைக்கிறார்கள், எண்ணெய் பூசுகிறார்கள், கிடா வெட்டுகிறார்கள். இப்படி ஒரு ஊரே கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிற கல்லைத்தான் நாம் ‘கண்டுபிடிக்கிறோம்’. மறுநாள் செய்தித்தாளில் படம்: கல்லுக்கு இரண்டு பக்கமும் ஆய்வாளர்கள். வழி சொன்னவர் படத்தில் இல்லை, செய்தியிலும் இல்லை. அதிகம் போனால் ‘ஊர்மக்கள் உதவினர்’.

இங்கே ஒரு கல்லை ஞாபகப்படுத்த வேண்டும். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. வீரன் பெயர் கருந்தேவக்கத்தி. அவனோடு கூடக் கள்ளரை எதிர்த்து நின்ற நாயின் பெயரும் அதில் பொறித்திருக்கிறது: கோவிவன். ஏழாம் நூற்றாண்டில் கல்லில் உளி வைத்தவன் நாயின் பெயரைக்கூட விடவில்லை. நம் பத்திரிகைச் செய்தி ஆடு மேய்க்கிறவரின் பெயரை விட்டுவிடுகிறது. இதற்கு இடப்பற்றாக்குறை காரணம் இல்லை. யாருடைய அறிவு அறிவு, யாருடையது வெறும் ‘தகவல்’ என்ற சாதிய வர்க்கப் பிரிவினைதான் காரணம். ‘கண்டுபிடிப்பு’ என்ற சொல்லாடல் அந்தப் பிரிவினையை இயல்பாக்குகிறது.

3

படி எடுப்பதிலிருந்து பொருளையே எடுப்பதற்கு நழுவுவது சுலபம். இந்தியத் தொல்பழங்கால ஆய்வின் தந்தை என்று கொண்டாடப்படும் ராபர்ட் புரூஸ் ஃபூட் தன் கடைசிக் காலத்தில் ஏற்காட்டில் குடியிருந்தார். 1863இல் பல்லாவரத்தில் பழைய கற்கால ஆயுதத்தை அடையாளம் கண்ட அதே மனிதர். சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் மலையாளிப் பழங்குடிகள் புதிய கற்காலத்து வழவழப்பான கற்கோடரிகளை எடுத்துவந்து பிள்ளையார் முன்னால் அடுக்கிக் கும்பிடுவது வழக்கம். ஏர் ஓட்டும்போதும் மழையில் மண் கரையும்போதும் கிடைத்தவை. அங்கே அவை சாமி. ஃபூட்டைப் போன்றவர்கள் கைக்கு வந்தபோது அவை மாதிரிகள் ஆயின. வாழ்நாளெல்லாம் தென்னிந்தியா முழுக்கத் திரட்டியதை ஃபூட் 1904இல் சென்னை அரசு அருங்காட்சியகத்துக்கு விற்றார். ஃபூட் இல்லையென்றால் நமக்குத் தொல்பழங்காலமே தெரிந்திருக்காது, அதை மறுக்கவில்லை. ஆனால் ஒரு வழிபாட்டுத் தொடர்ச்சியிலிருந்து ஒரு அட்டவணைக்குப் பொருள் இடம்பெயர்ந்தபோது, அதை அதுவரை காத்தவர்கள் பேரேட்டில் எந்த வரியில் வருகிறார்கள்? வருவதே இல்லை.

சரி, படி எடுத்தால் மட்டும் போதுமா? அதுவும் போதாது. படிக்கும் ஒரு அரசியல் உண்டு. 1886இல் ஹுல்ட்ஷ் அரசுக் கல்வெட்டாய்வாளராக வந்ததிலிருந்து தமிழ்க் கல்வெட்டுகளின் மைப்படிகள் குவியத் தொடங்கின. அலுவலகம் உதகைக்குப் போனது, 1966இல் மைசூர். எந்த ஊர்க் கோயில் சுவரிலிருந்து எடுத்தார்களோ அந்த ஊர்க்காரன் தன் ஊரைப் பற்றிய எழுத்தைப் பார்க்க வேண்டுமானால் கர்நாடகத்துக்கு பஸ் ஏற வேண்டியிருந்தது. தமிழ் மைப்படிகளைச் சென்னைக்குக் கொண்டுவரும்படி 2021இல் உயர்நீதிமன்றம் சொல்ல வேண்டி வந்தது. மைசூரானாலும் சென்னையானாலும் எடுத்தனூருக்கு இரண்டுமே தூரம்தான்.

4

நடக்கும் உரிமைக்கு வருவோம். நடப்பதையே ஒரு வகைப் பேச்சு என்று விளக்கினார் மிஷெல் தெ செர்த்தோ. பாரிஸில் இருக்கலாம். நம் ஊரில் நடப்பதற்கு முன்பே “யாரு நீ, எந்த ஊரு, எந்தத் தெரு?” என்ற பேச்சு வந்துவிடுகிறது. அந்தக் கேள்விக்குச் சரியான பதில் உள்ளவர்தான் ஊர்க்கொல்லையில் பேப்பர் விரித்து மை பூச முடியும். சேரியிலிருந்து நான்கு பையன்கள் குடமும் பிரஷும் எடுத்துக்கொண்டு ஊர்த்தெருவின் கோயில் கல்லைக் கழுவ ஆரம்பித்தால் அதைப் ‘பண்பாட்டு ஆர்வம்’ என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஒரு பெண் தனியாகக் காட்டுப்பக்கம் கல் தேடிப் போனால் என்ன பெயர் வரும் என்று சொல்லத் தேவையில்லை.

கொல்லிமலையில் இன்னும் வெளிச்சமாகத் தெரியும். 70 வளைவும் ஏறிப்போய் ஆகாய கங்கையில் குளித்துவிட்டு வருகிறவனுக்குக் காடு ஒரு காட்சி. 1882ஆம் ஆண்டு சென்னை வனச்சட்டம் தொடங்கி, சொந்தக் காட்டில் விறகும் மூலிகையும் எடுக்கிற மலையாளிக்குக் காடு ஒரு குற்றத்தலம். அது ‘வரலாற்று அநீதி’ என்று அரசே ஒப்புக்கொள்ள 2006ஆம் ஆண்டு வனஉரிமைச் சட்டம் வரை ஆனது.

முத்திரையும் அப்படித்தான். லெட்டர்பாக்ஸ்காரர் தன் அடையாளத்தைத் தானே செதுக்கிக்கொள்கிறார். ஆமை வேண்டுமென்றால் ஆமை. மலையாளியின் அடையாளம் தாசில்தாரின் ரப்பர் ஸ்டாம்பில் இருக்கிறது. 1976ஆம் ஆண்டுத் திருத்தப்பட்டியலில் ‘மலையாளி’ என்ற பெயர் சேலம், தருமபுரி, வடார்க்காடு, திருச்சிராப்பள்ளி என்று மாவட்டப் பெயர்களோடு கட்டிப்போடப்பட்டது. அதனால் கொல்லிமலையில் இருப்பவர் பழங்குடி. அதே இனத்தவர் ஈரோடு பக்கம் பர்கூர் மலையில் இருந்தால் பட்டியலுக்கு வெளியே. பல பத்தாண்டுகளாக அவர்கள் கேட்டுக்கொண்டிருந்தது அந்த ஒரு முத்திரையைத்தான். சேந்தமங்கலம் சட்டமன்றத் தொகுதி பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டது. அந்தத் தொகுதியின் மலையடிவாரத்தில் நின்றுகொண்டு முத்திரை விளையாட்டைப் பற்றிப் பேசுகிறபோது, ஒருவருக்கு விளையாட்டாக இருப்பது இன்னொருவருக்குப் பிழைப்பாக இருப்பதை மறந்துவிட முடியாது.

5

“அப்போ கல்லெல்லாம் அங்கேயே கிடந்து அழியட்டுமா?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ரோடு அகலப்படுத்தும் புல்டோசர், கிரானைட் குவாரி, புதையல் இருக்கிறதென்று நடுகல்லின் காலடியைத் தோண்டுகிற கூட்டம், மணலைப் பீய்ச்சிக் கோயில் சுவரைச் ‘சுத்தம்’ செய்து எழுத்தையே அழித்த திருப்பணி, எல்லாம் நடந்தவை. அப்படி ஆபத்தில் கிடக்கிற கல்லை அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோவதை எதிர்க்க முடியாது. ஆனால் ஊரைக் கூட்டி, ஊர் சம்மதித்து, ஊருக்கு ஒரு படியை வைத்துவிட்டு எடுக்க வேண்டும். எடுத்த பிறகு தகவல் பலகை நடுவது சம்மதம் ஆகாது.

லெட்டர்பாக்ஸ்காரர்களிடமிருந்து நாம் கற்க வேண்டியது அவர்களுடைய நோட்டு. தொல்சின்னங்களிலும் பழஞ்சுவர்களிலும் பெட்டி வைக்கக்கூடாது என்று அவர்களே ஒரு நடத்தை விதி எழுதிக்கொண்டார்கள். ஆர்வலர் கூட்டங்கள் தங்களுக்கென்று அப்படி எழுதிக்கொள்ள என்ன தடை? முதல் மைப்படி அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு. ‘கண்டுபிடிப்பு’ என்ற சொல்லை விட்டுவிட்டுப் ‘பதிவு’ என்று எழுதுவது. பதிவில் வழி சொன்னவர், விளக்கு வைப்பவர், நிலத்துக்காரர், மை ஒற்றியவர் எல்லார் பெயரும், அவர்கள் சம்மதித்தால், வந்த வரிசைப்படி. படிக்கப்பட்ட வாசகத்தை அந்த ஊரில் உரக்கப் படித்துக்காட்டுவது. இந்த வேலைக்குச் சேரியிலிருந்தும் மலையிலிருந்தும் வருகிற பிள்ளைகள் பிரஷைப் பிடிப்பது. அவர்கள் எந்தக் கல்லருகில் நிற்கத் தடுக்கப்படுகிறார்களோ, அந்தத் தடையையும் அதே பதிவில் எழுதுவது.

கடைசியாகச் சொன்னதுதான் கஷ்டமானது. மற்றதையெல்லாம் நல்ல மனம் படைத்த நான்கு பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் செய்துவிடலாம். தடையை எழுதினால் மறு ஞாயிறு அந்த ஊருக்குள் விடமாட்டார்கள். விடாத ஊர்களின் பட்டியலும் ஒரு கல்வெட்டு ஆவணம்தான். அதை இதுவரை எந்த ஆண்டறிக்கையும் வெளியிட்டதில்லை, ஆர்வலர்கள் தொடங்கலாம்.