கானகத்தில் ஒரு பிள்ளை

சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கினால் எதிரே தூய வளனார் கல்லூரி. நாகப்பட்டினத்தில் 1844இல் தொடங்கி, 1883இல் திருச்சிக்கு வந்தது. வளன் என்று சூசையப்பருக்குத் தமிழ்ப் பெயர் சூட்டிக் காப்பியத் தலைவர் ஆக்கியவர் வீரமாமுனிவர். ஆனால் அந்தக் காப்பியமான தேம்பாவணியின் 3,615 பாடல்களில் என் மனம் திரும்பத் திரும்பப் போய் நிற்பது கருணையனிடம். திருமுழுக்கு யோவானுக்கு முனிவர் இட்ட பெயர் அது. பத்தாம் வகுப்புப் பாடநூலில் இடம்பெற்ற பகுதிதான். தேர்வு அவசரத்தில் அதன் அழகு பலருக்குக் கை நழுவியிருக்கும்.

நற்செய்திகளில் வரும் யோவான் நெருப்பு. ஒட்டக மயிராடை, இடையில் தோல்கச்சை. ஏரோது தன் சகோதரன் மனைவியை வைத்திருப்பது முறையல்ல என்று கண்டித்து, சிறைப்பட்டுத் தலையை இழந்தவர். அந்த இறைவாக்கினரின் இளமையை லூக்கா ஒரே வாக்கியத்தில் கடந்துவிடுகிறார்: பிள்ளை வளர்ந்தது, பாலைநிலத்தில் வாழ்ந்தது. தாய் எலிசபெத் என்ன ஆனார் என்ற பேச்சே அங்கில்லை. முனிவரோ அங்கேதான் தங்கிவிடுகிறார். காட்டில் தாய் இறக்கிறாள். அடக்கம் செய்ய மகனை விட்டால் ஆளில்லை.

அந்த மகன் முதலில் கை குவிப்பது மண்ணைப் பார்த்து. என் தாயை அன்போடு காத்துக்கொள் என்று பூமியிடம் கேட்கிறான். குழிக்குள் மலர்ப் படுக்கை விரித்து உடலைக் கிடத்துகிறான். மூடிய பின் மேலே பூவும் கண்ணீரும் சேர்ந்து விழுகின்றன. அடக்கம் செய்வதில்கூடத் தாயைத் தூங்கவைக்கும் பதமை!

பிறகு புலம்பல். தாயின் வாய்மொழியே மழையாக அவள் மார்பில் குளிர்ந்து வளர்ந்தேன். துளியின்றி, மணி முற்றுமுன் காய்ந்த இளம்பயிர் ஆனேன் என்கிறான். நான்கு அடியும் மணி என்ற சொல்லைத் தாங்கித் தொடங்குகின்றன. கடைசி மணி, பிடிக்காமலே போன நெல்மணி. யூதேயாப் பாலையில் இந்த உவமைக்கு இடம் ஏது? கொள்ளிடத்தின் வடகரையில் ஏலாக்குறிச்சியில் வாழ்ந்து, கதிர் வரும் பருவத்தில் நீர் பொய்த்தால் உழவர் வீட்டில் என்ன நடக்கும் என்று அறிந்தவரின் உவமை இது. இத்தாலியில் 1680இல் பிறந்தவர் எழுதினார் என்பதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்புத் தீர்வதில்லை.

கொம்பிலிருந்து கொய்த மலர், நச்சு அம்பு துளைத்த புண், துணை பிரிந்த பறவை என்று உவமைகள் அடுத்து விரைகின்றன. அவை அழகுதான். ஆனாலும் உவமையே இல்லாத இன்னொரு பாட்டு அவற்றைவிட என்னைத் தாக்குகிறது. பிழைக்கும் முறை அறியேன், உணவு தேட அறியேன், காட்டில் போகும் வழி அறியேன் என்று 'அறியேன்' நான்கு முறை வருகிறது. பிறகு ஒரே ஒரு 'அறிந்தேன்': அறிந்ததெல்லாம் தாயின் கைமுறை. அந்தத் தாயும் போய்விட்டாள். அலங்காரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, திக்குத் தெரியாத பிள்ளை பேசுகிற மாதிரியே புலவர் பேசுகிறார்.

உணவு தேடத் தெரியாத இந்தப் பிள்ளைதான் பின்னாளில் வெட்டுக்கிளியும் காட்டுத்தேனும் உண்டு யோர்தான் கரையில் நிற்கப்போகிறவன். விவிலியம் வாசித்தவருக்கு அந்த உணவு துறவின் அடையாளம். தேம்பாவணி வழியாகப் பார்த்தாலோ, ஒவ்வொரு வாயும் தாயில்லாமல் தானே கற்றுக்கொண்டது.

புலம்பல் ஓயும்போது மரங்களும் பூத்த சுனைகளும் எதிரொலித்து அழுவது போல் காடே ஒலிக்கிறது. பாலைநிலத்தில் கூப்பிடும் குரல் என்று நற்செய்திகள் யோவானைச் சொல்லும். அந்தக் குரலுக்கு முதலில் செவிகொடுத்தவை இந்த மரங்களும் சுனைகளும் என்றே எனக்குத் தோன்றுகிறது; எருசலேமிலிருந்து மக்கள் திரண்டு வந்து கேட்டது அதற்குப் பல ஆண்டுகள் கழித்து.