ஊசி கிடைக்கிறது, அளவு தெரிகிறதா?

யாழ்ப்பாணத்தில் ‘சீனி வருத்தம்’, மதுரையில் ‘சுகர்’. பெயர் எதுவானாலும் முதல் வகை நீரிழிவு வந்த பிள்ளைக்கு இன்சுலின் ஊசிதான் உயிர். மாத்திரை உதவாது, பத்தியம் மட்டும் காக்காது.

இலங்கையில் அரசு ஆஸ்பத்திரி கிளினிக்கில் இன்சுலின் இலவசம். கிளினிக் கொப்பியோடு விடியலிலேயே போய் வரிசையில் நிற்க வேண்டும். நாடு முழுவதற்கும் சுகாதார அமைச்சின் மருத்துவ வழங்கல் பிரிவே மருந்து அனுப்புவதால், கொழும்புக்குப் போகும் மருந்து மன்னாருக்கும் போய்ச் சேர்கிறது. ஆனால் இன்சுலின் இறக்குமதிச் சரக்கு. 2022இல் அந்நியச் செலாவணி வற்றியபோது ஆஸ்பத்திரிகளில் மருந்துகள் பலவற்றுக்குத் தட்டுப்பாடு வந்தது. அந்த மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு. வீட்டிலிருந்த குப்பியைக் குளிராக வைப்பதும் பெரும்பாடானது.

இந்தியா இன்சுலினைத் தானே தயாரிக்கிறது. மனித இன்சுலினின் விலைக்கு அரசு உச்சவரம்பும் வைத்திருக்கிறது. ஆனால் சுகாதாரம் மாநிலத்தின் பொறுப்பு. தமிழ்நாட்டில் 1994இல் உருவான மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக வாங்குவதால் அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்கிறது. எல்லா மாநில ஏழைக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை. இன்னொரு சிக்கலும் உண்டு: மில்லிக்கு 40 யூனிட் குப்பியும் 100 யூனிட் குப்பியும் சேர்ந்தே புழங்குகின்றன. சிவப்பு மூடி சிரிஞ்சு 40க்கு, ஆரஞ்சு மூடி 100க்கு. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் எடுத்தால் இரண்டரை மடங்கு உள்ளே போய்விடும். சர்க்கரை சரிந்து பிள்ளை மயங்கி விழும்.

பிரிட்ஜ் இல்லாத வீட்டுக்கு இரு நாட்டிலும் துணை மண்பானைதான். பெரிய பானையில் ஈரமணல், அதற்குள் சின்னப் பானை, அதில் நனையாதபடி மூடிய டப்பாவில் குப்பி. நீர் ஆவியாக ஆவியாக உள்ளே குளிர்ச்சி நிற்கும்.

இரு நாடும் ஒன்றுபோலக் கைவிடும் இடம் ஒன்று உண்டு. நாளுக்கு நான்கு முறையாவது விரலில் குத்திப் பார்த்தால்தான் எத்தனை யூனிட் என்று தாய்க்குத் தெரியும். அந்தச் சோதனைக்கு வேண்டிய ஸ்ட்ரிப்பைப் பெரும்பாலோர் கைக்காசில்தான் வாங்குகிறார்கள். காசில்லாத நாளில், பிள்ளையின் முகம் பார்த்து அளவைக் குத்துமதிப்பாக முடிவு செய்கிறாள்.

விதிவிலக்காகக் கேரள அரசின் ‘மிட்டாயி’ திட்டம் பிள்ளைகளுக்கு இன்சுலினோடு பரிசோதனைக் கருவிகளையும் தருகிறது. ஒரு மாநிலத்தால் முடிந்தது மற்ற மாநிலங்களுக்கும் இலங்கைக்கும் முடியும். குப்பியோடு ஸ்ட்ரிப்பும் கொடுக்கும் நாளில்தான் இன்சுலின் உண்மையில் இலவசமாகும்.