அணங்கு என்னும் சொல்

சங்கச் செய்யுட்களைக் கற்கும் மாணவரை இடர்ப்படுத்துஞ் சொற்களுள் அணங்கு என்பதும் ஒன்று. வருத்தம், நோய், அச்சம், கொலை, தெய்வம், பேய்மகள், அழகு, பெண் எனப் பல பொருள்களை அகராதிகள் அதற்குத் தரும். தம்முள் மாறுபட்டனபோலத் தோன்றும் இவற்றுக்குப் பொதுவாய அடிப்படை யாது என்பது ஆராயற்பாலது.

அணங்கு என்பது பெயராதலோடு வினைப்பகுதியுமாம். அணங்குதல் வருந்துதலையும் வருத்துதலையும் குறிக்கும். ஆகவே, வருத்தமும் அதனைச் செய்வதும் ஒரு சொல்லாற் சுட்டப்பட்டமை வியப்பன்று. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில், அச்சம் பிறத்தற்குரிய நிலைக்களன் நான்கனுள் அணங்கினை முதற்கண் வைத்து, விலங்கு, கள்வர், இறை என்பவற்றை அதன்பின் நிறுத்தினார். அச்சூத்திரத்தில் அணங்கு பெண்ணே என்னும் வரையறை இல்லை.

இதனை வலியுறுத்துவது வெறிபாடிய காமக்கண்ணியார் பாடிய அகநானூற்று 22ஆஞ் செய்யுள். அதன்கண் தலைவனது மலை அணங்குடையதாகக் கூறப்படுகின்றது. தலைவியை அணங்கியதோ அவன் மார்பு. உண்மை அறியாத தாய், முதுபெண்டிர் சொற்கேட்டு, முருகனுக்கு வெறியாட்டு எடுக்கின்றாள். அவ்விரவே தலைவன் வந்து கூட, நோய் நீங்குகின்றது. அதன் பெருமை தொடர்பற்ற வேலனைச் சேர்வது கண்டு தலைவி நகுகின்றாள். தெய்வத்தால் வரும் வருத்தமும் காதலால் வரும் வருத்தமும் இச்சொல்லுள் அடங்குதலாலேயே தாயின் மயக்கம் பொருத்தமாகின்றது. தலைவியின் நகையும் சுவைக்கின்றது. ஈண்டு அணங்கு பெண் எனக் கொள்வார்க்கு இந்நயம் புலப்படாது.

திருக்குறளில் 1081ஆங் குறளின் தலைவன், தான் கண்டவள் அணங்கோ என ஐயுறுகின்றான். ஆண்டுப் பெண் வடிவம் உண்டு. எனினும் அவ்வதிகாரத்தின் பெயர் தகையணங்குறுத்தல். தலைவியின் அழகு தலைவனை வருத்துதலே அதன் பொருள். வருத்தும் அழகினின்று வருத்தம் கழிந்து அழகு மட்டும் எஞ்சியபொழுது, பிற்கால வழக்கில் இச்சொல் அழகிய பெண்ணுக்கு ஆயிற்று எனலாம். 1891இல் வெளிவந்த மனோன்மணீயத்தின் தமிழ்த்தெய்வ வணக்கத்தில் அணங்கு என விளிக்கப்படுபவள் போற்றற்குரியாளேயன்றி அஞ்சற்குரியாள் அல்லள்.

ஜோர்ஜ் எல். ஹாட் 1975இல் வெளியிட்ட நூலில், அணங்கினை அச்சந்தரும் புனித ஆற்றலாகக் கொண்டு, அதனைப் பெண்ணோடும் அவள் கற்போடும் சிறப்பாக இயைத்துரைத்தார். வி. எஸ். இராஜம் 1986இல் எழுதிய கட்டுரையில், இஃது ஒரு சொல்லின் பரந்த பொருளைப் பெண்ணின் புனித ஆற்றலாகக் குறுக்குவதென மறுத்தார். அச்சத்தைப் பொருளின் நடுவில் வைத்தமை ஹாட்டின் சிறப்பே. ஆயினும் மலையும் ஆடவன் மார்பும் அணங்குதற்கு உரியன என்பதைச் செய்யுளே காட்டுதலால், இராஜத்தின் மறுப்பே வலியுடைத்து. பண்டைத் தமிழ்ப் பெண்டிரைப்பற்றிய முடிபொன்றினை இச்சொல்லின்மேல் எழுப்பப் புகுவார், அது வருமிடந்தோறும் அணங்குவது யாது, அணங்கப்படுவார் யார் என முதற்கண் வினவுதல் கடனாகும்.