படத்தின் ஓரம்

திருவள்ளூரிலிருந்து திருத்தணி செல்லும் சாலையில் உள்ள கனகம்மாசத்திரத்தில், நண்பர் ஒருவர் இல்லத்தில் அண்மையில் ஒருநாள் தங்க நேர்ந்தது. கல்லூரியில் படிக்கும் அவர் மகன், தான் எடுத்த புகைப்படம் ஒன்றைப் பெரிதாக அச்சிட்டு நம் முன் வைத்தான். பாட்டனாரின் ஜனாஸா வீட்டை விட்டுப் புறப்பட்ட வேளையில், பாட்டியார் கதவோரம் அமர்ந்து அழும் காட்சி அது. போட்டிக்கு அனுப்ப வேண்டும் என்பது பையனின் ஆவல். கூடவே கூடாது என்பது தகப்பனாரின் கட்டளை. நடுவராக நாம் அகப்பட்டுக்கொண்டோம்.

தொழில் நோக்கில் குறை சொல்ல அதிகம் இல்லை. சன்னல் வெளிச்சம் முகத்தின் ஒரு பாதியில் மட்டும் விழுகிறது. கண்ணீர் தெளிவாகத் தெரிகிறது. ஆனால் ஒளி, தெளிவு, அமைப்பு என மதிப்பெண் போடுவதுடன் விமர்சனம் முடிந்துவிடுமானால் நாம் எதற்கு? பாதி வேலையை இன்று கருவியே செய்துவிடுகிறதே!

ராய்ட்டர் செய்தி நிறுவனத்துக்காக ஆர்கோ தத்தா எடுத்த இரு படங்களைப் பையனுக்கு நினைவூட்டினோம். ஆழிப்பேரலை வந்து இரண்டு நாள் கழித்து, 2004 டிசம்பர் 28 அன்று, கடலூரில் எடுத்தது ஒன்று. உறவினரைப் பறிகொடுத்த பெண் மணலில் வீழ்ந்து, உள்ளங்கைகளை வானோக்கி விரித்துக் கதறுகிறார். மாண்டவர் எங்கே? படத்தின் ஓரத்தில் ஒரு கை மட்டுமே தெரிகிறது. மற்றதெல்லாம் சட்டத்துக்கு வெளியே. அக்கையை நம் விரலால் மறைத்துப் பார்த்தால், யாரோ ஒரு பெண் அழுகிறார், அவ்வளவுதான். உடல் முழுவதையும் காட்டியிருந்தாலோ, நாம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்போம். அவ்வாண்டின் உலகப் பத்திரிகைப் புகைப்படப் பரிசு அதற்கே கிடைத்தது.

மற்றது 2002 மார்ச் 1இல் அகமதாபாத்தில் எடுக்கப்பட்டது. தம்மைக் காக்குமாறு கைகூப்பிக் கண்ணீருடன் மன்றாடும் தையல்காரரை நம் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அவர் பெயரை வேண்டுமென்றே எழுதாது விடுகிறோம். அம்முகத்தை நீக்கினால் படமே இல்லை. ஊரறிய வேண்டிய கொடுமைக்கு அது சான்று. எனவே எடுத்தவர்மேல் குற்றம் காண மாட்டோம். எனினும், அதே முகம் பின்னர் அரசியல் சுவரொட்டிகளில் ஏறியது. தம் படத்தை அவ்வாறு பயன்படுத்த வேண்டாமென்று அவரே கேட்டுக்கொள்ளும் நிலையும் வந்தது.

"உன் பாட்டியாரின் அழுகை எதற்குச் சான்று, தம்பி?" என்றோம்.

"நன்னா போனதுக்கு."

"உன் நன்னா இதில் எங்கே?"

பையன் விடை சொல்லவில்லை. பாட்டியார் இதைப் பார்த்தாரா என்று கேட்டோம். காட்டவில்லையாம். அப்போதுதான் நமக்கே சுருக்கென்றது. அம்மூதாட்டி உள்ளறையில் இத்தாவில் இருக்கிறார். நேரில் நாம் காண இயலாதவர். அவர் அழும் முகத்தையோ மேசைமேல் விரித்து வைத்து, வெளிச்சம் பற்றி விவாதித்துக்கொண்டிருந்தோம்!

படம் உள்ளே போயிற்று. சற்று நேரத்தில் திரைக்கு அப்பாலிருந்து குரல் வந்தது:

"வாசப்படி ஓரத்துல கிடக்குறது அவங்க செருப்புதானே?"

படத்தை மீண்டும் வாங்கிப் பார்த்தோம். கீழ் ஓரத்தில், நிழலுக்குள் பாதி மறைந்து, குதிகால் தேய்ந்த ஒரு ஜோடிச் செருப்பு. ஓரத்தைப் பற்றி அவ்வளவு பேசிய நம் கண்ணில் அது படவே இல்லை. பையன் அழும் முகத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, மீதியை நெடுநேரம் பார்த்திருந்தான்.