விலை சொல்லும் தமிழ்

'விலை' என்ற சொல் 'வில்' என்னும் வினையடியில் பிறந்தது. விற்றல், விற்பனை எல்லாம் அதன் பங்காளிகள். 'மதிப்பு' என்பது 'மதி' என்ற வினையின் பிள்ளை. விலை என்பது கடைத்தெருவில் இரண்டு பேர் வாய்விட்டுப் பேசி முடிப்பது. மதிப்போ ஒருவர் மனத்துக்குள்ளே எடைபோடுவது. இந்த வேறுபாடு இன்றைய விளம்பரத் தமிழில் கரைந்துகொண்டிருக்கிறது.

விலை பேச்சில் பிறப்பது என்பதற்கு அம்மூவனாரின் அகநானூற்றுப் பாட்டே (140) சாட்சி. உமணர் உப்பின் 'கொள்ளை'யைக் கூவிக்கொண்டு குன்றுகளைக் கடந்து போகிறார்கள். கொள்ளை என்றால் அங்கே விலை. (இன்று 'கொள்ளை விலை' என்றால் நமக்குத் திருட்டுத்தான் நினைவுக்கு வருகிறது!) உமணன் மகள் வளையல் ஒலிக்கக் கைவீசி நடந்து, நெல்லுக்கு உப்பு நேர் என்று சேரியில் 'விலைமாறு' கூறுகிறாள். காசு கைமாறாத வியாபாரம்தான், ஆனாலும் விலை உண்டு. அதை அவள் சொல்கிறாள். 'பகர்தல்' என்பதற்குச் சொல்லுதல், விற்றல் என்று இரண்டு பொருளும் பழைய நூல்களில் உண்டு என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். இன்றும் "கடைசியா என்ன சொல்றீங்க?" என்றுதானே கேட்கிறோம்? விலை 'படிஞ்சுது' என்கிறோம், இல்லாவிட்டால் 'கட்டுப்படியாகலை' என்கிறோம்.

'விலைவாசி'யில் உள்ள வாசிக்கு வேறுபாடு என்று பொருள். திருவீழிமிழலையில் பஞ்ச காலத்தில் சம்பந்தருக்குக் கிடைத்த காசை வணிகர்கள் 'வாசி' பிடித்துத்தான் மாற்றினார்கள் என்றும், அவர் பதிகம் பாட அது தீர்ந்தது என்றும் பெரியபுராணம் சொல்லும். அரசு ஊழியர் வீடுகளில் 'டி.ஏ. ஏறிச்சா?' என்று கேட்கிறோமே, அந்த அகவிலைப்படியில் இருக்கும் அகவிலை, தானியத்தின் விலை.

இனி வழக்குக்கு வருவோம். 'பல லட்சம் மதிப்புள்ள நகை திருட்டு' என்று செய்தித்தாள் எழுதினால் நான் ஏற்பேன். அங்கே யாரும் விற்கவில்லை, கணக்குப் போட்டுத்தான் சொல்ல வேண்டும். '500 ரூபாய் மதிப்புள்ள குக்கர் இலவசம்' என்ற விளம்பரத்தை ஏற்க முடியாது. 500 ரூபாய் என்பது பெட்டியில் அச்சடித்த விலை. அதை மதிப்பு என்றால் பொருள் உயர்ந்ததுபோல் ஒரு மயக்கம் வருகிறது, அதற்காகவே எழுதுகிறார்கள்.

'விலையில்லா' என்ற சொல்லின் கதை இன்னும் சிக்கலானது. 2011 முதல் தமிழக அரசு 'இலவச' என்பதை விட்டு விலையில்லா அரிசி, விலையில்லா மிக்ஸி, விலையில்லா மடிக்கணினி என்று எழுதலாயிற்று. இலவசம் என்றால் வாங்குகிறவருக்கு ஒரு கூச்சம், இதில் அது இல்லை, அதுவரை நல்லதுதான். ஆனால் 'விலையில்லா மாணிக்கம்' என்று பிள்ளையைக் கொஞ்சிய பாட்டிக்கு, எதைக் கொடுத்தாலும் ஈடாகாதது என்பதல்லவா அதன் பொருள்? மிக்ஸிக்கும் மாணிக்கத்துக்கும் ஒரே அடைமொழி ஆகிவிட்டது. அந்த இடத்தை நிரப்ப வந்த 'விலைமதிப்பற்ற' என்பதும் எனக்குத் திருப்தியில்லை. 'மதிப்பற்ற' என்றால் ஒன்றுக்கும் உதவாதது. முன்னால் 'விலை' சேர்ந்ததும் அது எப்படி உயர்ந்துவிடும் என்று எழுத்துக்கூட்டிப் படிக்கும் நம் வீட்டுப் பிள்ளை கேட்டால் என்ன சொல்வது? 'விலைமதிக்க முடியாத' என்று நீட்டி எழுதினால் குழப்பமில்லை.

அந்தப் பிள்ளைகளுக்கு 'ரேட்', 'காஸ்ட்லி' இரண்டு சொல்லே போதுமாயிருக்கிறது. இங்கே தில்லிச் சந்தையில் 'மோல்-பாவ்' செய்யத் தெரிந்தவர்கள் அவர்கள். அந்த 'பாவ்' இந்தியில் விலையையும் குறிக்கும், உள்ளத்து உணர்வையும் குறிக்கும். 'பாவ் கானா' என்றால் பிகு பண்ணிக்கொள்வது. அதையே நாம் 'ரொம்ப கிராக்கி பண்ணிக்கறான்' என்கிறோம். கிராக்கியும் வடக்கிலிருந்து வந்த சொல்தான்.